டெலமேர் பிரபுவின் மூக்கு

2026ஆம் ஆண்டுக்கான உலக ரேலி போட்டிகள் ஜனவரி 22ஆம் தேதி மான்டி கார்லோவில் தொடங்குகின்றன. மொத்தம் 14 சுற்றுகள். ஆல்ப்ஸ் மலைச்சாலைகள், அடுத்து சுவீடனின் பனிக்காடு, அப்புறம் மார்ச் 12 முதல் 15 வரை கென்யா. நவம்பரில் சவூதி அரேபியாவில் முடிகிறது. ரேலி பார்க்கிற நண்பர்கள் இப்போது பேசுவதெல்லாம் செபஸ்தியான் ஒஜியேவைப் பற்றித்தான். 2025இல் ஒன்பதாவது பட்டத்தை எடுத்து செபஸ்தியான் லோப்பின் சாதனையைத் தொட்டுவிட்டார். பத்தாவதும் கிடைக்குமா என்பது ஒரு கேள்வி. 25 வயதே ஆன காலே ரொவன்பெரா ரேலியை விட்டுவிட்டு ஜப்பானில் சர்க்யூட் பந்தயம் ஓட்டக் கிளம்பிவிட்டார், அது இன்னொரு பேச்சு.

எனக்கு அந்த அட்டவணையின் மூன்றாவது வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. 14 சுற்றுகளில் ஆப்பிரிக்காவில் நடப்பது அது ஒன்றுதான். சஃபாரி ரேலி என்றதும் ஒட்டகச்சிவிங்கிகள் பார்த்துக்கொண்டிருக்க, புழுதியைக் கிளப்பிக்கொண்டு கார் பறக்கும் படம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தப் படத்தில் தெரியும் நிலம் யாருடையது, அந்தச் சாலையில் முதலில் ஓட்ட அனுமதிக்கப்பட்டவர்கள் யார் என்று தேடிப் போனால் கதை மலாயா வரைக்கும் வந்து சேர்கிறது.

ரேலி பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் இரவுப் பந்தயம் மாதிரி எல்லாக் காரும் ஒன்றாகக் கிளம்பி ஒரே வட்டத்தைச் சுற்றுவது இதில் கிடையாது. ஒவ்வொரு காராக, சில நிமிட இடைவெளியில் விடுவார்கள். எதிராளி கண்ணில் படவே மாட்டான், கடிகாரம்தான் எதிராளி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இணை ஓட்டுநர் அடுத்த வளைவு எப்படி என்று குறிப்பேட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டே வருவார். இன்றைக்கு இதெல்லாம் அடைக்கப்பட்ட சாலையில் நடக்கிறது. பழைய சஃபாரியில் சாலையை யாரும் அடைக்கவில்லை. நாலு நாளில் 5,000 கிலோமீட்டர், ஊர்க்காரர்கள் புழங்கும் அதே சாலை. எதிரே மாட்டு மந்தை வரும், சந்தைக்குப் போகிற பஸ் வரும், மழை பெய்தால் சாலையே காணாமல் போகும். ஒரு நேர நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் தண்டனைப் புள்ளி. பிற்காலத்தில் பெரிய கார் நிறுவனங்கள் ஹெலிகாப்டரை முன்னால் பறக்கவிட்டு 'மாடு வருது, பாத்து' என்று வானொலியில் எச்சரிக்கிற அளவுக்குப் போனார்கள்.

முதல் பந்தயம் 1953, மே மாதக் கடைசியில். பெயர் 'முடிசூட்டு சஃபாரி'. ஜூன் 2ஆம் தேதி லண்டனில் இரண்டாம் எலிசபெத்துக்கு முடிசூட்டு. அதைக் கொண்டாடக் கென்யா, உகாண்டா, தங்கனிக்கா மூன்றிலும் இருந்த வெள்ளைக்காரக் கார்ப் பிரியர்கள் ஏற்பாடு செய்த பந்தயம் அது. வட்டப் பாதையில் சுற்றிச் சுற்றி வருவது சலிப்பாக இருக்கிறது, பாதி ஆப்பிரிக்காவைக் கடந்து போய்த் திரும்பி வரலாமே என்று அவர்களில் ஒருவர் சொன்னதிலிருந்து பிறந்த யோசனை. கார்களை இன்ஜின் அளவு பார்க்காமல் விலையை வைத்துப் பிரித்தார்கள். கடையிலிருந்து எடுத்து வந்த நிலையிலேயே ஓட்ட வேண்டும். இந்த மண்ணுக்கு எந்தக் கார் தாங்கும் என்பது விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. 'சஃபாரி' சுவாஹிலிச் சொல், பயணம் என்று பொருள், அரபியிலிருந்து வந்தது. மலாயில் 'முசாபிர்' என்கிறோமே, அதற்கும் அதே வேர்தான்.

அந்த மே மாதம் கென்யாவில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது? 1952 அக்டோபரிலேயே அவசரகாலம் அறிவிக்கப்பட்டுவிட்டது. நிலத்தை இழந்த கிக்குயு மக்களிடமிருந்து எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்க ராணுவம் இறங்கியிருந்தது. 1953 ஏப்ரல் 8ஆம் தேதி ஜோமோ கென்யாட்டாவுக்கு ஏழாண்டுக் கடுங்காவல். அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கார்களுக்கு எண் ஒட்டிக் கொடியசைத்துவிட்டார்கள். கறுப்பின மக்கள் வெளியே நடமாடவே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த நாட்டில், சாலையில் ஒருவன் எவ்வளவு தூரம் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று ஒரு பந்தயம். இதை எழுதும்போது கசக்கிறது. அதை ஏற்பாடு செய்தவர்களுக்கு அது உறைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் கண்ணுக்கு அது காலிச் சாலை.

மலாயா இங்கேதான் வருகிறது. நம் தாத்தா பாட்டிகள் 'டாருராட் காலம்' என்று சொல்வார்களே, 1948இல் தொடங்கிய அந்த அவசரகாலம் அப்போது இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஐந்து லட்சம் பேரைப் பிடுங்கி எடுத்து, முள்கம்பி போட்ட புதுக்கிராமங்களில் உட்கார வைத்தார்கள். பெரும்பாலும் சீனர்கள். ஆனால் தோட்டத்து லயங்களும் தப்பவில்லை, அவற்றையும் ஓரிடத்தில் சேர்த்துக் கம்பி வேலி போட்டார்கள். 1953இல் கென்ய அரசின் அதிகாரி தாமஸ் அஸ்க்வித் மலாயாவுக்கு வந்து, பிடிபட்டவர்களை இங்கே எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வருஷமே கிக்குயு மக்களைக் கிராமங்களாக அடைக்கும் வேலை தொடங்கியது. பத்து லட்சம் பேருக்கு மேல், 800க்கும் அதிகமான கிராமங்கள். ஒரே பேரரசு, ஒரே கம்பி. பத்து காஜாவிலோ சுங்கை சிப்புட்டிலோ வேலிக்குள் வளர்ந்தவருக்கு நியேரியின் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தியர்கள் இந்தப் படத்தில் எங்கே? 1896க்கும் 1901க்கும் நடுவே உகாண்டா ரயில்பாதை போடுவதற்காகச் சுமார் 32,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போனார்கள், பெரும்பாலோர் பஞ்சாப்பிலிருந்து. ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே செத்துப்போனார்கள். ரயில் வந்த பிறகு அதையொட்டிக் கடைக்காரர்கள், தச்சர்கள், கொல்லர்கள், குமாஸ்தாக்கள் வந்தார்கள். ஆனால் நிலம்? 'வெள்ளை மேட்டுநிலம்' என்று பெயர் வைக்கப்பட்ட வளமான பகுதிகளில் இந்தியர் நிலம் வாங்க முடியாது. நிலத்தைத் தொட முடியாதவர்கள் கடைத்தெருவுக்கும் பட்டறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நம் ஊரில் அந்தக் காலத்துச் சீக்கியர் என்றால் போலீஸ், ஜாகா, மாட்டுப்பால். கென்யாவில் சீக்கியர் என்றால் ரம்பம், சுத்தியல், ஸ்பேனர்.

ஜோகிந்தர் சிங் பாச்சு 1932இல் கெரிச்சோவில் பிறந்தவர். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். அப்பா பஞ்சாப்பிலிருந்து வந்து நைரோபியில் கார்ப் பட்டறை வைத்தவர். பையன் அங்கேயே இன்ஜினோடு வளர்ந்தான். 1950களின் கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்க வாகனச் சங்கத்தில் சாலை ரோந்து வேலை கிடைத்தது. வழியில் கார் நின்றுபோனவர்களுக்குப் போய் உதவ வேண்டும். எந்த மண் எந்த மழைக்கு எப்படி மாறும், கறுப்புப் பருத்தி மண்ணில் சக்கரம் எவ்வளவு ஆழம் இறங்கும், எந்த ஆற்றுப் பாலம் முதலில் மூழ்கும் என்பதெல்லாம் அடுத்தவன் காரைத் தள்ளித் தள்ளியே அவருக்குத் தெரிந்துவிட்டது. 1959இல் முதல் சஃபாரி. ஒன்பதாவது இடம்.

1965 ஈஸ்டர். கென்யா விடுதலை அடைந்து ஒன்றரை வருஷம். ஜோகிந்தரும் சகோதரர் ஜஸ்வந்தும் ஓட்டியது ஒரு பழைய வால்வோ பிவி544. முந்தைய சஃபாரிக்காக வால்வோ நிறுவனம் கொண்டுவந்து, ஓட்டிவிட்டு, விட்டுப்போன கார். இருவரும் தங்கள் கையாலேயே அதைப் பிரித்துச் சேர்த்தார்கள். எண் 1 என்று ஒட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார்கள், முதல் ஆளாகவே வந்து சேர்ந்தார்கள். ராணிக்காகத் தொடங்கிய பந்தயத்தை 12 வருஷம் கழித்து வெள்ளையர் அல்லாத ஒருவர் ஜெயித்தது அதுவே முதல் முறை. பத்திரிகைகள் 'பறக்கும் சீக்கியர்' என்று பெயர் வைத்தன. 1974இலும் 1976இலும் மிட்சுபிஷி லான்சரில் மறுபடி ஜெயித்தார். எனக்கு அந்த வெற்றிகளைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொரு கணக்கு: அவர் கலந்துகொண்ட 22 சஃபாரிகளில் 19ஐ முடித்திருக்கிறார்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய 1963ஐப் பார்க்கலாம். அந்த வருஷம் கிளம்பியவை 84 கார்கள், முடித்தவை ஏழு. 1968இல் கிளம்பியவை 93. மறுபடியும் ஏழு. மற்றதெல்லாம் சேற்றில், ஆற்றில், பள்ளத்தில். ஐரோப்பாவின் பெரிய ஓட்டுநர்கள் வருஷா வருஷம் வந்து தோற்றுவிட்டுப் போனார்கள். வெளியிலிருந்து வந்தவர் ஒருவர் முதன்முதலில் ஜெயித்ததே 1972இல்தான், பின்லாந்தின் ஹன்னு மிக்கோலா. அதுவரைக்கும் வேகத்தை மண் மதிக்கவே இல்லை. உடைந்ததை இருட்டில், மழையில், கையில் இருப்பதை வைத்துச் சரிசெய்யத் தெரிந்தவனைத்தான் விட்டுவைத்தது.

அந்த 1968இன் ஏழு பேரில் ஜோகிந்தரும் ஒருவர். அதே வருஷம் மார்ச்சில் பிரிட்டன் அவசர அவசரமாக ஒரு குடியேற்றச் சட்டத்தைப் போட்டு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்த கென்ய இந்தியர்களுக்குக் கதவைச் சாத்தியது. கென்யாவோ குடியுரிமை எடுக்காத ஆசியர்களின் வேலைக்கும் வியாபாரத்துக்கும் உரிமம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு மாசம் முன்னால் நைரோபி விமான நிலையத்தில் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்ற ஒரு சமூகத்தின் ஆள், ஈஸ்டரில் சேற்றைக் கடந்து முடித்து வருகிறார், சாலையோரம் எல்லாரும் கைதட்டுகிறார்கள். சிவப்பு அடையாள அட்டையும் வேலை பெர்மிட்டும் நம் குடும்பங்களுக்குள் புகுந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான், 1968, 69. கைதட்டல் வேறு, காகிதம் வேறு. உகாண்டாவில் இன்னும் மோசம். 1972இல் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னார். அப்படி வெளியேறிக் கென்யா வந்த சேகர் மேத்தா 1973 சஃபாரியை ஜெயித்தார். உலகப் போட்டியாக நடந்த முதல் சஃபாரி அது. பிறகு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை. உலகப் போட்டியாக நடந்த சஃபாரிகளில் ஐந்து வெற்றி என்ற அவருடைய கணக்கை இதுவரை யாரும் எட்டவில்லை.

ஜோகிந்தரை வெறும் வீரகாவியமாக எழுதிவிடவும் எனக்கு மனசு வரவில்லை. பழைய புகைப்படங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். சேற்றில் சிக்கிய காரைச் சுற்றி முப்பது நாற்பது பேர், முழங்கால் வரை சேறு, தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். எல்லாம் கறுப்பின மக்கள், அந்தந்த ஊர்க்காரர்கள். கார் கிளம்பியதும் பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும் அவர்கள் முகத்தில்தான். படத்தின் கீழே ஓட்டுநர் பெயர், காரின் பெயர், வருஷம். அவ்வளவுதான். வெள்ளையர்களுக்குக் கீழே, கறுப்பர்களுக்கு மேலே என்று காலனியம் போட்ட படிக்கட்டின் நடுப்படியில் இந்தியர்கள் இருந்தார்கள். பட்டறையும் ஸ்பேனரும் அந்த நடுப்படியில் கிடைத்தவை. கறுப்பினக் கென்யர் ஒருவர் முன்வரிசைக்கு வர 1994 ஆனது. பேட்ரிக் ஞிரு, சுபாரு இம்ப்ரெசா, நாலாவது இடம். முதல் பந்தயத்திலிருந்து கணக்குப் போட்டால் 41 வருஷம்.

நம் பக்கமும் ஒரு 'பறக்கும் சீக்கியர்' உண்டு. கரம்ஜித் சிங். 2002இல் இணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன் சேர்ந்து உலக ரேலியின் தயாரிப்புக் கார்ப் பிரிவில் பட்டம் வென்றார். ஓட்டியது புரோட்டான் பெர்ட். பெயர்தான் புரோட்டான், உள்ளே இருந்தது மிட்சுபிஷி லான்சர், அது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். 2001, 2002, 2004 மூன்று வருஷமும் ஆசிய பசிபிக் பட்டமும் அவருக்குத்தான். ஒரு சீக்கியரும் ஒரு சீனரும் மலேசியக் கொடி ஒட்டிய காரில் உலகப் பட்டம் கொண்டுவந்ததை நம் பள்ளிப் பாடநூலில் நான் படித்ததாக நினைவில்லை.

ஆசிய பசிபிக் ரேலியின் மலேசியச் சுற்று ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்குள் நடந்திருக்கிறது. என் மாமா அந்தப் பக்கம் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவரிடம் கேட்டேன். "டேய், நாங்க லோரிய ரெண்டாவது கியர்ல உருட்டிக்கிட்டுப் போற வளவு அது. அவன் பக்கவாட்டுல வர்றான்டா. காரு ஒரு பக்கம் பாக்குது, ரோடு ஒரு பக்கம் போவுது. நம்ம மண்சடக்கு இவ்ளோ வேகம் தாங்கும்னு அன்னிக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டு, அந்தச் சடக்கைத் தோண்டிக் கல் போட்ட கும்பலில் அவருடைய அப்பாவும் இருந்ததைச் சாதாரணமாகச் சேர்த்துச் சொன்னார். எந்த வளைவுக்கு யார் கல் போட்டது என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. போட்டி வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு எண் மட்டும்தான் இருந்திருக்கும்.

கரம்ஜித் பட்டம் வென்ற அதே 2002இல் சஃபாரியின் உலகப் போட்டித் தகுதி முடிவுக்கு வந்தது. கடைசியாக ஜெயித்தவர் ஸ்காட்லாந்தின் காலின் மெக்ரே. பணமில்லை, ஏற்பாடு சரியில்லை, திறந்த சாலையில் ஓட்டுவது பாதுகாப்பில்லை என்று பல காரணங்கள். மறுபடி வந்தது 2021 ஜூனில். நைரோபியில், ஜோமோ கென்யாட்டாவின் பெயர் தாங்கிய மாநாட்டு மண்டபத்தின் வாசலில், கொடியசைத்தவர் அவருடைய மகன் அதிபர் உஹுரு கென்யாட்டா. முதல் பந்தயம் நடந்தபோது அப்பா சிறையில். இதை ஒரு நாவலில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று எடிட்டர் வெட்டிவிடுவார்.

திரும்பி வந்த சஃபாரி பழைய சஃபாரி இல்லை. 5,000 கிலோமீட்டர் சுருங்கிச் சுமார் 320 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அதுவும் பெரும்பாலும் நைவாஷா ஏரியையும் எல்மென்டெய்டா ஏரியையும் சுற்றியுள்ள பண்ணைகளிலும் காப்பகங்களிலும். சாலை அடைப்பு, வேலி, நுழைவாயில். மாடும் பஸ்ஸும் எதிரே வராது. பாதுகாப்பு கருதிப் பார்த்தால் இது சரிதான், செத்துப் பிழைக்கிற பந்தயத்துக்காக நான் ஏங்கவில்லை. 'ஃபெஷ் ஃபெஷ்' என்கிற மாவு மாதிரிப் புழுதியில் சக்கரம் புதைவதும், திடீர் மழையில் மண் சோப்பாக மாறுவதும் இன்னும் இருக்கின்றன. 2022இல் முதல் நாலு இடத்தையும் டொயோட்டா எடுத்தது அந்தக் காரின் உறுதியால்தான் என்பேன்.

ஆனால் அந்த நிலம். பிளவுப் பள்ளத்தாக்கின் அந்தப் பகுதி மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். 1904இல் ஓர் ஒப்பந்தம், 1911இல் இன்னொன்று, இரண்டிலும் அவர்களை நகர்த்தி வெள்ளையர் பண்ணைகளுக்கு இடம் செய்தார்கள். அதில் பெரிய பங்கு போனது டெலமேர் பிரபுவுக்கு. பந்தயம் நடக்கும் சொய்சம்பு காப்பகம், சுமார் 48,000 ஏக்கர், அவர் குடும்பத்துப் பண்ணையாக இருந்தது. பக்கத்திலிருக்கும் கெடோங் பண்ணைக்காக மாசாய் மக்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அதே பெயரில் சஃபாரியில் ஒரு கட்டமும் உண்டு.

எல்மென்டெய்டா ஏரிக்கரையில் ஒரு மலை இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் ஆள் மல்லாந்து படுத்திருக்கும் பக்கவாட்டுத் தோற்றம். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் தெளிவாகத் தெரியும். மாசாய் மக்களுக்கு அது உறங்கும் வீரன். குடியேறிய வெள்ளையர்கள் அதற்கு 'டெலமேரின் மூக்கு' என்று பெயர் வைத்தார்கள். 2021இல் ரேலி திரும்பியபோது அந்த மலையடிவாரத்துக் கட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சஃபாரியின் நீளமான கட்டங்களில் ஒன்று, சுமார் 30 கிலோமீட்டர். வரைபடத்தில் 'உறங்கும் வீரன்' என்று போட்டார்கள். வேலிக்கு உள்ளே அந்தப் பெயர். மார்ச்சில் நீண்ட மழை தொடங்குகிற நேரம், அந்தக் கட்டத்தில் மண் எப்படி இருக்கும் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது.